பன்னிரண்டு மூலைகளிலும் ஒரு புள்ளி

போன மாதம் கவிதா எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். நான் வேலை பார்த்த அச்சுத் தொழிற்சாலையில், நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். போட்டோவில் ஒரு பழைய லைட் டேபிள், ஒரு கால் மடங்கிப்போய், குப்பை லாரிக்காகக் காத்து நின்றது. மேலே பால் நிறக் கண்ணாடி, அடியில் குழல் விளக்கு. அந்தக் காலத்தில் பிலிமை அதன் மேல் பரப்பித்தான் வேலை செய்வோம். "அக்கா, இதுல என்னா செஞ்சீங்க? இங்க ஒருத்தருக்கும் தெரியலலா," என்று கேட்டிருந்தாள்.

அந்த மேசை போனதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. என் கண்ணாடி தடித்ததற்கும் கழுத்தெலும்பு தேய்ந்ததற்கும் அதுதான் காரணம். போகட்டும். ஆனால் அவள் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், கட்டைவிரல் வலித்தது, நிறுத்திவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பதில் இவ்வளவு நீண்டுவிட்டது.

என் பெயர் பிலோமினா. வேலையிடத்தில் எல்லோருக்கும் மீனா. பிறந்தது, கல்யாணம் கட்டியது, இன்றும் குடியிருப்பது எல்லாம் பினாங்கின் டத்தோ கிராமாட்டில். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு டவுனில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்தில் சேர்ந்தேன். பத்து வருடம் கழித்துக் கம்பெனி பெரிதாகிக் கடலுக்கு அக்கரையில் உள்ள பிறைக்கு மாறியது. நானும் கூடவே மாறினேன். அங்கே இன்னும் இருபத்து நான்கு வருடம். தினமும் பேக்டரி பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய பால் இல்லாத கோப்பி ஓவை உறிஞ்சிக்கொண்டே கடலைப் பார்ப்பேன். பஸ்ஸில் யாரும் அந்த நேரத்தில் என்னிடம் பேசமாட்டார்கள். பேசினால் நான் பதில் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

வேலை பழகிய கதை சின்னது. முதல் வருடம் பிலிம் கழுவினேன். இரண்டாம் வருடம் பிலிம் வெட்டினேன். மூன்றாம் வருடம் கையில் ஒரு மெல்லிய தூரிகையைக் கொடுத்தார்கள். நெகட்டிவ் பிலிமில் தூசி விழுந்த இடமெல்லாம் ஊசித் துளையாக வெளிச்சம் விடும். அந்தத் துளைகளைச் செங்காவி மையால் ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் அது தாளில் கறுப்புப் புள்ளியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாளைக்கு நூறு இருநூறு துளைகள். என் கை நடுங்காது. இதை நானே சொல்லிக்கொள்கிறேன், வெட்கமில்லை: வடக்கில் அலோர் ஸ்டார் முதல் தெற்கே தைப்பிங் வரை என்னைப் போல் சுத்தமாகத் துளை அடைத்த ஆள் இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

அதே தூரிகையால்தான் பெயர்களையும் அடைத்தேன். வாடிக்கையாளர் எங்கிருந்தோ ஒரு காலண்டரையோ வாழ்த்து அட்டையையோ கொண்டுவருவார். இதே படம் வேண்டும், என் கடைப் பெயர் போட்டுத் தா என்பார். படத்தின் ஓரத்தில் வரைந்தவரின் பெயர் சின்னதாக இருக்கும். அப்போது ஃபோர்மனாக இருந்தவர் லிம். அவர் பிலிமை என் மேசையில் வைத்து, மூலையை விரலால் தட்டி, "கார்னர் கிளீன்," என்பார். அவ்வளவுதான். பெயர் வெள்ளை ஓரத்தில் இருந்தால் மை தொட்டு அடைப்பேன். படத்துக்குள் ஓடியிருந்தால் வெட்டும் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவேன். அப்படி எத்தனை செய்தேன் என்று தெரியாது. அது தப்பு என்று அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை. தூசியும் பெயரும் எனக்கு ஒன்றுதான், இரண்டும் துளை. அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. என் வேலையில் எனக்கு வெட்கம் தருவது இது ஒன்றுதான். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

லிம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், எப்போதும் அரைக்கை வெள்ளைச் சட்டை. குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. இனாமல் குவளையில் கோப்பி குடிப்பார், ஆனால் தாள் இருக்கும் மேசைக்கு ஆறடி பக்கத்தில் அந்தக் குவளை வராது. மெஷின் ஏறும் முன் சரிபார்க்கும் புரூப் தாளை இரண்டு கைகளாலும் ஏந்தித்தான் எடுப்பார். எங்களிடம் மலாயும் இங்கிலீஷும் கலந்து பேசுவார். இங்கே நான் அதைத் தமிழிலேயே எழுதுகிறேன். ஆனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்டபடியே எழுத வேண்டும்.

"ஷுவர் ஆ, திங்க் ஆ?"

நிச்சயமாகத் தெரியுமா, இல்லை நினைக்கிறாயா என்று அர்த்தம். சேர்ந்த புதிதில் ஒருநாள், "சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கற மாதிரி இருக்கு," என்றேன். இந்தக் கேள்வியைக் கேட்டார். "திங்க்," என்றேன். பேசாமல் போய்விட்டார். பத்து நிமிடம் கழித்து வந்து, "இப்போ ஷுவர் ஆ?" என்றார். அதற்குள் நான் அளந்து பார்த்திருந்தேன். "ஷுவர்." தலையை ஆட்டிவிட்டு மெஷினை நிறுத்தச் சொன்னார். பிறைக்கு வந்தபின் அவர் மேனேஜர் ஆனார், நான் புரூப் பரிசோதகர் ஆனேன். கேள்வி மாறவில்லை.

புரூப் பார்ப்பதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். கவிதா, இதை மட்டும் நீ எழுதி வைத்துக்கொள். முதலில் தாளைத் தலைகீழாக வை. நேராக வைத்தால் கண் படத்தை ரசிக்கப் போய்விடும், எழுத்தைப் படிக்கப் போய்விடும், குற்றத்தைப் பார்க்காது. தலைகீழாக வைத்து, மேல் இடது மூலையிலிருந்து ஆரம்பித்து நான்கு மூலைகளையும் சுற்று. பிறகு நடுப்பகுதி. பிறகு லூப் என்று நாம் சொல்லும் உருப்பெருக்கியை வைத்து நிறப் புள்ளிகளைப் பார். அதற்குப் பிறகுதான் நேராகத் திருப்பு. எழுத்துகளைக் கடைசி வரியிலிருந்து மேலே படி. எல்லாம் முடிந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டடி பின்னால் போய் ஒருமுறை சும்மா பார். அந்தக் கடைசிப் பார்வை உனக்காக. அப்போது ரசித்துக்கொள்ளலாம்.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு ஒரு திங்கட்கிழமை அந்தக் காலண்டர் வந்தது.

கொடுத்தது, பினாங்குக்கு வரும் சுற்றுப்பயணிகளுக்கு நினைவுப் பொருள் விற்கும் ஒரு கம்பெனி. எங்களுக்குப் பல வருட வாடிக்கை. ஒரு ஹோட்டல் தன் விருந்தினர்களுக்குக் கொடுக்கப் பெரிய எண்ணிக்கையில் கேட்டிருந்ததாம். எங்களுக்கோ மெஷின் பாதி நேரம் சும்மா நின்ற காலம். ஓவர்டைம் இல்லாமல் மெஷின்காரர்கள் முகம் தொங்கிக் கிடந்தது. இந்த ஜாப் வியாழக்கிழமை மெஷின் ஏறும் என்றதும் கேன்டீனில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு பென்சில் படங்கள், பழுப்புத் தாளில். நான் என் முறையை அன்று மீறிவிட்டேன். முதல் தாளை எடுத்ததும் நேராகவே பார்த்தேன், கீழே வைக்க மனம் வரவில்லை. ஜனவரியில், மழை விழும் நொடியில் காய்ந்த துணியெல்லாம் அள்ளி உள்ளே வந்துவிட்ட ஒரு பெண், வாசலில் நின்று மழையைப் பார்த்துச் சிரிக்கிறாள். மார்ச்சில் ஒரு அம்மா ஃபேனுக்கு நேராக வாயைத் திறந்து ஆ என்று கத்துகிறாள். ஜூனில் ஆஸ்பத்திரியில் பார்க்கிங் கிடைத்துவிட்ட ஒருவரின் முகம். அந்த முகத்தைப் பார்த்து நான் தனியாகச் சிரித்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு முறையாவது காடியில், அதாவது காரில், போனவருக்கு அந்தச் சந்தோஷம் தெரியும். ஆகஸ்ட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறும் காலைக் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் பரப்பியிருக்கும் ஒரு பேக்டரித் தொழிலாளி. ஒவ்வொரு கால்விரலும் தனித்தனியாக ஓய்வெடுத்தது. நானும் மேசைக்கடியில் என் சப்பாத்தைக் கழற்றினேன்.

பிறகு தாளைத் தலைகீழாக வைத்து வேலையைத் தொடங்கினேன். மேல் இடது மூலை. அதாவது நேராக வைத்தால் கீழ் வலது மூலை. அங்கே ஒரு புள்ளி.

தூசி என்று நினைத்துச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். பிப்ரவரியிலும் அதே இடத்தில் புள்ளி. மார்ச்சிலும். டிசம்பர்வரை போய்விட்டு, கம்ப்யூட்டரில் படக் கோப்புகளைப் பார்க்கும் ரோஸ்லியைக் கூப்பிட்டேன். அவர் எங்களோடு பதினைந்து வருடம் இருந்தவர், கெட்டிக்காரர்.

"ஹாபோக் சஜாலா, காக்," என்றார். வெறும் தூசிதான் அக்கா என்கிறார்.

"தூசி பன்னிரண்டு தாளுலயும் ஒரே இடம் பார்த்து உக்காருமா?" என்று மலாயில் கேட்டேன்.

அவர் கோப்பைத் திறந்து அந்த மூலையைப் பெரிதாக்கினார். புள்ளி கோப்பிலேயே இருந்தது. பென்சில் புள்ளி. அதற்குக் கீழே தாளின் நார் ஒன்று வளைந்து ஓடியது. அதே வளைவு பக்கத்தில் இன்னொரு முறை. அதற்குப் பக்கத்தில் மூன்றாவது முறை. தாள் தானாக அப்படி வளராது. யாரோ ஒரு துண்டுத் தாளைப் பிரதி எடுத்துப் பக்கம் பக்கமாக ஒட்டி எதையோ மூடியிருக்கிறார்கள். பன்னிரண்டு படங்களிலும் ஒரே அளவுக் கட்டம் போட்டு, ஒரே மாதிரி.

செங்காவி மை மாறிக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கை அதே கை.

லூப்பை வைத்து அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சிலை அழுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி வைத்த புள்ளி. அந்தரத்தில், கட்டத்துக்குச் சற்று மேலே நின்றது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தவள் நான். திடீரென்று புரிந்தது. இது ஒரு தமிழ்ப் பெயரின் கடைசிப் புள்ளி. அழித்தவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்துகளை எடுத்துவிட்டு, மேலே நின்ற புள்ளியை அழுக்கென்று நினைத்து விட்டுவிட்டார்.

லிம்மின் அறைக்குப் போனேன். பன்னிரண்டு தாள்களையும் மேசையில் பரப்பினேன். அவர் குவளையைத் தள்ளி வைத்தார்.

"பெயரை எடுத்திருக்கிறார்கள்," என்றேன்.

"ஷுவர் ஆ, திங்க் ஆ?"

"பெயரை எடுத்தது ஷுவர். வரைந்தவருக்குத் தெரியாமல் எடுத்தது திங்க்."

அவர் என் முன்னாலேயே நினைவுப் பொருள் கம்பெனியின் டைரக்டருக்குப் போன் போட்டு, படங்கள் யார் வரைந்தவை என்று மரியாதையாகக் கேட்டார். எங்கள் ஆபீசிலேயே வரைந்தது என்று பதில் வந்தது. உங்கள் ஆபீசில் தமிழ் எழுதுபவர் யாராவது உண்டா என்று கேட்டார். இல்லை, ஏன் என்றார் டைரக்டர். சும்மா கேட்டேன் என்று லிம் போனை வைத்தார்.

"பெயர் எடுத்தது எப்படி அவ்வளவு ஷுவராகத் தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

"நான் எடுத்திருக்கிறேன், மிஸ்டர் லிம். நீங்கள் எடுக்கச் சொல்லி."

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் போகவில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "எத்தனை இருக்கும்?" என்றார். "நான் எண்ணவில்லை," என்றேன். "நானும்தான்," என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "புதன்கிழமை மதியம் வரைக்கும் நேரம். அதற்குள் உன் திங்க்கை ஷுவராக்கு. முடியாவிட்டால் மெஷின் ஓடும்," என்றார்.

கையில் இருந்தது ஒரு புள்ளி. பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ரோஸ்லி இன்டர்நெட்டில் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. செவ்வாய் மதியம் அவர்தான் ஜூலைப் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "காக், இங்க பாருங்க." பழுப்புத் தாளின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அளவு நீலத் தூறல், வெள்ளிப் பொடி கலந்த நீலம். இடிபட்டு நசுங்கிய தன் காடியைச் சாயம் அடிக்க விட்டிருந்தபோது இதே தாளைப் பார்த்திருக்கிறாராம். சாயம் தெறிக்காமல் இருக்கக் கண்ணாடியையும் விளக்கையும் மூடி ஒட்டும் தாள்.

"அப்படின்னா ஜுரு," என்றேன்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் ரோஸ்லியின் காடியில் கிளம்பினோம். ஜுருவில் காடி தட்டிச் சாயம் அடிக்கும் கடைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கையில் நான்கு புரூப் தாள்கள். முதல் கடையில் எங்களை இன்சூரன்ஸ் ஆட்கள் என்று நினைத்து முகம் கொடுக்கவில்லை. இரண்டாவதில் மூடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் நாய் விடவில்லை. நான்காவது கடைச் சீனர் தாளைப் பார்த்த உடனே, "ஓ, வைப்பர் ஆள்!" என்றார். அடுத்த வரிசையில் கடைசிக் கடைக்கு வழி காட்டினார்.

அங்கே முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருவர் கை கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது தாண்டிய வயது. நகக்கண்ணெல்லாம் நீலம்.

"தம்பி, இது நீங்க வரைஞ்சதா?"

தாளை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆமாக்கா! அட, தாளு கலருகூட அப்படியே வந்திருக்கே! எங்க கெடைச்சிச்சி?"

பெயர் சேகர். முதல் பூச்சுச் சாயம் காய இருபது நிமிடம் ஆகுமாம். "அந்த நேரத்துல என்னா செய்றது? வேஸ்ட்டுத் தாள் கெடக்கும், வரைவேன்." வேலை முடிந்த காடியின் வைப்பரில் படத்தைச் செருகி அனுப்புவார். "இடிச்சிட்டு வர்றவங்க மூஞ்சி செத்துப்போயிருக்கும்க்கா. எடுக்க வர்றப்ப சின்னதா ஒரு சந்தோசம் இருக்கட்டுமேன்னுதான்."

"நெனவுப் பொருள் கம்பெனி வேன் எதாச்சும் வந்துச்சா?"

"போன வருசம் அஞ்சாறு வேன் வந்து வந்து போச்சிலா. எல்லாம் நீலம். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு படம் வெச்சேன்."

காலண்டர் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். அவரோ சிரித்தார். "நம்ம படம் ஹோட்டல்ல தொங்கப் போவுதா? ஐயோ, வீட்டுல சொன்னா நம்பமாட்டா." எனக்குத்தான் கோபம் வந்தது. இவருக்காக நான் நாய்க்கடி வாங்கப் பார்த்தேன், இவர் சிரிக்கிறார். அப்போது அவர் விரல் தாளின் கீழ் மூலைக்குப் போய் நின்றது. சிரிப்பு மெல்ல இறங்கியது.

"பேரு எங்கக்கா?"

நான் சொன்னேன். எப்படி எடுத்திருக்கிறார்கள் என்பதையும், புள்ளி மட்டும் தப்பியதையும்.

குனிந்து அந்த மூலையை விரலால் தடவினார். "படத்த எடுத்தாங்க, சரி. கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன். பேரு அவங்கள என்னா பண்ணுச்சி?"

ரோஸ்லிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒவ்வொரு படத்தையும் வைப்பரில் வைப்பதற்கு முன் போனில் எடுத்து மனைவிக்கு அனுப்புவது சேகரின் வழக்கம். தேதியோடு எல்லாம் போனிலேயே இருந்தது. பன்னிரண்டில் பதினொன்று. ஆஸ்பத்திரி பார்க்கிங் மட்டும் இல்லை, அந்த வாரம் போன் உடைந்திருந்ததாம்.

புதன்கிழமை காலை லிம் டைரக்டரைத் தொழிற்சாலைக்கே வரச் சொன்னார். சேகர் அரைநாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஒரே மேசையில் ஒரு பக்கம் எங்கள் புரூப், மறுபக்கம் சேகரின் போன். டைரக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் வாதம் வேறு.

"என் வேனில் வைத்துக் கொடுத்தது. கொடுத்தால் என்னுடையதுதானே?"

சேகர் என்னைப் பார்த்தார். லிம் மெதுவாகச் சொன்னார்: "தாள் உங்களுடையது. சட்டம் போட்டு மாட்டுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் உங்களுடையதாக இருந்தால் பெயரை ஏன் எடுத்தீர்கள்?"

"டிசைனுக்கு அழகாக இல்லை."

"மீனா முப்பது வருடமாகப் பார்க்கிறாள். அவளிடம் கேளுங்கள், அழகுக்கு எடுத்ததா என்று."

"அழகுக்கு இல்லை," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வரைந்தவரின் சம்மதமும் பெயரும் இல்லாமல் மெஷின் ஓடாது என்றார் லிம்.

டைரக்டர் எழுந்தார். இந்த ஜாப் மட்டுமில்லை, இனி எதுவும் இங்கே வராது என்றார். லிம் எழுந்து கதவைத் திறந்துவிட்டார், ஒரு விருந்தாளிக்குத் திறப்பதுபோல.

வியாழக்கிழமை மெஷின் ஓடவில்லை. வெள்ளியும் ஓடவில்லை. கேன்டீனில் என் மேசைக்கு ஒருவரும் வரவில்லை. "ஒரு புள்ளிக்கு ஓவர்டைம் போச்சி," என்று என் காது கேட்கவே ஒருவர் சொன்னார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகள். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அன்று கோப்பி வாங்காமலே பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. லிம் தன் குவளையோடு வந்து கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் அது முதல் முறை. நான் அவரிடம் கேட்டேன்:

"மிஸ்டர் லிம், ஷுவர் ஆ, திங்க் ஆ?"

"ஷுவர்," என்றார். ஒரு வாய் குடித்தார். "பயமும் இருக்கிறது."

அடுத்த செவ்வாய்க்கிழமை டைரக்டரிடமிருந்து போன் வந்தது. ஹோட்டல்காரர்களுக்கு மாதிரிப் படங்கள் மிகவும் பிடித்துப்போய்விட்டதாம். வெளியிடும் நாளில் விருந்தினர் முன்னால் வரைந்தவரை உட்கார வைத்து இரண்டு படம் வரையச் சொல்ல வேண்டும், யார் அவர், அழைத்து வாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். டைரக்டரால் ஆபீசிலிருந்து யாரைக் காட்ட முடியும்? லிம் போனைப் பொத்திக்கொண்டு என்னிடம், "அந்த ஆள் கூட்டத்தில் வரைவாரா என்று கேட்கிறார்," என்றார். நான் சேகருக்குப் போன் அடித்தேன்.

"வரைவேன்க்கா. ஆனா காடி ஒண்ணு பக்கத்துல நிக்கணும். பழக்கம்," என்றார்.

எங்கள் ஆபீசிலேயே ஒப்பந்தம் எழுதினார்கள். சேகர் ஒவ்வொரு வரியையும் படித்தார், புரியாததைக் கூச்சமில்லாமல் கேட்டார். பேச வேண்டியதை அவரே நேராகப் பேசினார், நாங்கள் வெளியே நின்றோம். அசல் படங்கள் டைரக்டரின் மேசை இழுப்பறையிலிருந்து வந்தன. நானே பன்னிரண்டையும் திரும்ப ஸ்கேன் செய்தேன். அசலில் ஒவ்வொன்றின் கீழேயும் சேகரின் பெயரோடு, வைப்பர் ரப்பர் பட்ட மெல்லிய கறுப்புக் கோடும் இருந்தது. பெயரை எடுத்தவர்கள் அதையும் துடைத்திருந்தார்கள்.

"தம்பி, இந்தக் கோட எடுக்கவா?"

"வேணாம்க்கா. அது வந்த வழி."

மெஷின் ஏறிய நாள் சேகர் வந்திருந்தார். எங்கள் வழக்கப்படி முதல் நல்ல தாளில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் மெஷின்காரர் மீதியெல்லாம் ஓட்டுவார். டைரக்டரின் ஆள் பேனாவை எடுத்தபோது லிம் அதை வாங்கிச் சேகரிடம் நீட்டினார். சேகர் கையைத் தன் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஓவர்டைம் போச்சி என்று சொன்ன அதே மெஷின்காரர்தான் அந்தத் தாளை எடுத்துக் மெஷின் பக்கத்திலிருந்த கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினார். மாட்டிவிட்டு ஆஸ்பத்திரி பார்க்கிங் படத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் லிம் எங்கள் ஜாப் கார்டைத் திருத்தினார். ஒவ்வொரு வேலையோடும் மெஷின்வரை போகும் அந்த அட்டையில், தாள், நிறம், எண்ணிக்கை என்ற வரிசைக்கு மேலே, முதல் வரியாக ஒன்று சேர்த்தார்: படம் வரைந்தவர். அந்த வரி காலியாக இருந்தால் நான் புரூப் பார்க்கக் கூடாது. சொல்லிவிட்டு, "இது நம் இருவருக்கும்," என்றார். அவர் எனக்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்றார்.

அந்த வரியால் எனக்குக் கெட்ட பெயரும் வந்தது. வாடிக்கையாளர்கள் சலித்துக்கொள்வார்கள். சிலர் பொய் எழுதுவார்கள். பலர் முதல் தடவையாக யோசித்து, போன் போட்டுக் கேட்டு, சரியாக எழுதித் தருவார்கள். இப்போது கம்ப்யூட்டரே படம் வரைகிறதாம், அந்த வரியில் என்ன எழுதுவது என்று கவிதா கேட்கிறாள். உண்மையை எழுது என்றேன். வேறு எனக்குத் தெரியாது.

என் கடைசி வேலை நாளில் மதியம் கேக் வெட்டுவதாக இருந்தார்கள். காலையில் ஒரு பாலர் பள்ளியின் ஆண்டு மலர் புரூப் வந்தது. அட்டையில் கிரேயான் படம். ஒரு அப்பா சோபாவில் உட்கார்ந்து ரம்புத்தான் பழம் உரிக்கிறார். அப்பாவின் கையில் ஆறு விரல். எதிரே வாயைத் திறந்து ஒரு பிள்ளை, திறந்த வாய் முகத்தைவிடப் பெரிது. ஜாப் கார்டில் முதல் வரி காலி.

பள்ளிக்குப் போன் போட்டேன். டீச்சர் சிரித்தார். "மேடம், அஞ்சு வயசுப் பிள்ளைங்க. யாரோ ஒண்ணு வரைஞ்சிச்சி. மாணவர்கள்னு போட்டுக்குங்கலா."

"யாருன்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சர். நான் லைன்லயே இருக்கேன்."

ஒவ்வொரு வகுப்பாக அவர் கேட்டுக்கொண்டு போவது போனில் கேட்டது. மூன்றாவது வகுப்பில் ஒரு சின்னக் குரல், எல்லாச் சத்தத்தையும் தாண்டி, "என்னோடதுதான் டீச்சர்! அது எங்கப்பா!" என்று கத்தியது. டீச்சர் பெயரைச் சொல்ல, நான் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டேன். யாழினிஸ்ரீ த/பெ குணசேகரன் முத்துவேலு. நீளமான பெயர். அட்டையில் இடம் குறைவு. சோபாவின் கால்களுக்கு நடுவே ஒரு விரல் அகலம்தான் இருந்தது. அப்பா பெயரை விட்டுவிடலாம் என்று ரோஸ்லி சொன்னார். வேண்டாம் என்றேன். எழுத்தை ஒரு அளவு குறைத்து, இடைவெளியை நெருக்கி, மூன்று முறை புரூப் எடுத்தோம். மூன்றாவதில் முழுப் பெயரும் பிடித்தது. தலைகீழாக வைத்து நான்கு மூலைகளையும் பார்த்தேன், நேராகத் திருப்பிப் படித்தேன், இரண்டடி பின்னால் போய்ச் சும்மா பார்த்தேன். பிறகு கையெழுத்துப் போட்டு மெஷினுக்கு அனுப்பிவிட்டு, கேக் சாப்பிடப் போனேன்.